கிரீனுக்குப் போகாத கடிதம்

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தில் ஒரு குட்டி நாடகம் இருக்கிறது. ஆல்ஃபா என்ற கணினியிலிருந்து ஸ்மித், பீட்டா என்ற கணினியில் இருக்கும் ஜோன்ஸ், கிரீன், பிரௌன் மூவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார். இரண்டு கணினிகளும் பேசிக்கொள்வதை நம் பேச்சில் சொன்னால்:

“ஸ்மித் அனுப்பியிருக்காருங்க.”

“சரி.”

“ஜோன்ஸுக்கு.”

“சரி.”

“கிரீனுக்கு.”

“அப்படி யாரும் இங்க இல்லீங்க.”

“பிரௌனுக்கு.”

“சரி.”

“கடுதாசியத் தரட்டுமா?”

“தாங்க. முடிஞ்சதும் தனி வரியில ஒரு புள்ளி வைங்க.”

‘சரி’க்கு எண் 250. ‘ஆள் இல்லை’க்கு 550. இன்றும் ஒரு மெயில் சர்வர் இன்னொன்றிடம் கடிதத்தைக் கொடுக்கும்போது இதே எண்கள்தான். அந்தப் புள்ளிக்குப் பின் ‘சரி’ வந்துவிட்டால் கடிதம் வாங்கியவர் பொறுப்பு, தொலைக்கக் கூடாது.

ஒன்றைக் கவனித்தீர்களா? “நீங்க ஸ்மித்தோட ஆளுதானா?” என்று பீட்டா கேட்கவே இல்லை.

இதை அசட்டுத்தனம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1982 மே மாதம் அந்த வலையில் இருந்த கணினிகள் மொத்தம் 235. பல்கலைக்கழகம், ஆய்வகம், ராணுவம், அவ்வளவுதான். ஒரே தெருவில் யார் அடையாள அட்டை கேட்பார்கள்? 1978-இலேயே டெக் கணினி நிறுவனத்தின் கேரி துயர்க் சில நூறு பேருக்கு விளம்பரம் அனுப்பி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தச் சின்ன ஊருக்கு வசவே போதுமானதாக இருந்தது.

அடுத்தவர் கடிதத்தையும் வாங்கி உரிய சர்வருக்குத் தள்ளிவிடுவது அன்றைய மரியாதை. வழிப்போக்கருக்குத் திண்ணை விடுகிற மாதிரி. எந்தப் பெயருக்கான கடிதத்தை எந்த சர்வர் வாங்கும் என்று டிஎன்எஸ்ஸில் தேடிக்கொள்ளும் எம்எக்ஸ் ஏற்பாடு 1986-இல் வந்தது. அதன்பின் இடையில் ஆள் தேவைப்படுவது குறைந்தது. திண்ணை மட்டும் திறந்தே கிடந்தது.

தொண்ணூறுகளில் ஸ்பாம்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு கடிதம், ஆயிரம் முகவரி, செலவு திண்ணைக்காரருக்கு. கண்டவர் கடிதத்தையும் கடத்திவிடாதீர்கள் என்று 1999-இல் ஆர்எஃப்சி 2505 சொன்னது. பிறகு ஒரு டொமைன் பெயரில் அனுப்ப யாருக்கு உரிமை என்று சொல்லும் எஸ்பிஎஃப், கடிதத்தில் கையெழுத்திடும் டிகேஐஎம் என்று பூட்டுமேல் பூட்டு.

நாங்கள் நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறு சர்வர் வைத்தோம். எல்லாப் பூட்டும் போட்டோம். கிரீன் விஷயத்தில் பீட்டா நேராக ‘இல்லை’ என்றாவது சொன்னது. எங்களுக்கு எல்லாக் கடிதத்துக்கும் 250 வந்தது. ஒருவரும் பதில் போடவில்லை. பத்து நாள் கழித்து ஒருத்தி போன் பண்ணி, “உன் மெயில் ஸ்பாம்ல கெடக்குடா” என்றாள்.