தொப்பி மாறிய இரவு

1986 ஜனவரி 27. ஃப்ளோரிடாவில் கடுங்குளிர். மறுநாள் காலை 'சேலஞ்சர்' கிளம்ப வேண்டும். பூஸ்டர் ராக்கெட் செய்த மார்ட்டன் தையோகால் கம்பெனி எஞ்சினியர்கள் டெலிஃபோனில் நாசாவிடம் மன்றாடினார்கள்: இணைப்பிலுள்ள ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும், சூடான வாயு கசியும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே விடாதீர்கள். ரோஜர் போஷலே இதை ஆறு மாதம் முன்பே துணைத்தலைவர் பாப் லண்டுக்கு எழுத்தில் கொடுத்திருந்தார்.

நாசா தரப்பில் எரிச்சல். "அப்ப எப்பத்தான் விடறது, ஏப்ரல்லயா?" என்கிற தோரணை. கம்பெனியார் ஐந்து நிமிடம் கேட்டு லைனை நிறுத்தினார்கள்; அரை மணி ஆனது. "எஞ்சினியர் தொப்பியைக் கழட்டிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கோ" என்று லண்டிடம் மேலதிகாரி சொன்னாராம். லண்ட் மாறினார். எஞ்சினியர்களுக்கு ஓட்டே இல்லை! வழக்கமாக 'பறக்கலாம் என்று நிரூபி' என்பார்கள். அன்று 'பறக்கக் கூடாது என்று நிரூபி' என்றார்கள். முன்பு வளையம் அரிபட்டும் பத்திரமாகத் திரும்பியதே என்ற தெம்பு வேறு.

காலையில் 36 டிகிரி. 73 விநாடிகள். ஏழு பேர்.

கையெழுத்திட மறுத்த ஆலன் மெக்டொனால்டைப் பதவியிறக்கினார்கள். அமெரிக்க காங்கிரஸ் தலையிட்ட பிறகு, இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் வேலையை அவரிடமே கொடுத்தார்கள்.

2003-ல் 'கொலம்பியா'. கிளம்பும்போது நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் அடித்தது. விண்ணிலேயே அதைப் படமெடுக்க எஞ்சினியர்கள் கேட்டார்கள். நுரை எப்பவும் விழறதுதானே என்று மேலிடம் விட்டுவிட்டது. பிப்ரவரி 1, திரும்பும் வழியில் டெக்சாஸ் வானில் சிதறியது. அதிலும் ஏழு பேர். கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா ஒருவர்.