கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களும் ஊராட்சி அமைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தோட்டப்புறத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர் குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம், தாய்மொழிக் கல்வி ஆகியவற்றில் பெரிதும் கவனம் செலுத்தியுள்ளனர். தோட்டத்தில் வாழ்ந்த மக்களுக்குக் குடிநீர், சாலை, வடிகால், விளக்கு ஆகியவற்றை வழங்கும் பொறுப்பு யாருடையதாக இருந்தது என்னும் வினா அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை மையமாகக் கொண்டு அவ்வினாவிற்கு விடை காண இக்கட்டுரையில் முயல்கின்றோம்.

மலையும் ஆட்சியும்

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டு நிலத்தைக் கண்டறிந்து குறிப்பிட்டார். எனினும் நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளர் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து சென்ற பின்னரே வளர்ச்சித் திட்டங்கள் உருப்பெற்றன. 1926இல் தாப்பாவிலிருந்து மலைச்சாலை அமைக்கும் பணி தொடங்கியது.

இச்சாலை ஓர் ஆட்சி முரண்பாட்டையும் உடன் கொண்டு வந்தது. மலை பகாங்கிற்கு உரியது. அதற்குச் செல்லும் வழியோ பேராக்கில் தொடங்கியது. மலையும் அதன் முக்கிம்களும் லிப்பிஸ் மாவட்டத்தின்கீழ் வைக்கப்பட்டன. அம்மாவட்டத்தின் தலைமையிடமான கோலாலிப்பிஸ் 1955 வரை பகாங்கின் தலைநகராகவும் விளங்கியது. ஆயினும் மலையிலிருந்து அங்குச் செல்ல நேர்ச்சாலை இல்லை. தாப்பாவிற்கு இறங்கி, மாநில எல்லைகளைக் கடந்து, ரவூப் வழியே சுற்றிச் செல்லவேண்டும். அலுவலகம் எட்டாத தொலைவில் இருந்தமையால் அருகிலிருந்த அதிகாரமே மக்களுக்கு அரசாயிற்று. தோட்டங்களில் அவ்வதிகாரம் நிருவாகியின் கையில் இருந்தது.

தோட்டம் என்னும் தனியாட்சி

1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். புளூ வேலி, கேமரன் வேலி முதலிய தோட்டங்களும் இம்மலையில் உருவாயின. ரப்பர்த் தோட்டங்களோடு ஒப்பிடுகையில் இவை காலத்தால் பிற்பட்டவை. இவை தோன்றிய வேளையில் உலகப் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியிருந்தது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதித்தது. எனவே புதிய வரவை நம்பாமல், இருந்த குடும்பங்களைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய தேவை இத்தோட்டங்களுக்கு ஏற்பட்டது எனலாம். கொழுந்து பறிக்கும் பணியில் பெண்கள் பெரும்பங்கு வகித்தமையும் குடும்பக் குடியிருப்பிற்கு வலுவூட்டியது.

இக்குடியிருப்புகளை நெறிப்படுத்தியது தொழிலாளர் சட்டமே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடியிருப்பு, மருத்துவம், பள்ளி ஆகியவற்றை வழங்கும் கடமையை முதலாளியிடம் ஒப்படைத்தது. போ, சுங்கை பாலாஸ் முதலிய தோட்டப் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் அவ்வமைப்பின் தொடர்ச்சியாகும். இச்சட்டம் தொழிலாளிக்குப் பாதுகாப்பளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் லயத்து வீடும் தண்ணீர்க் குழாயும் ஆயாக்கொட்டகையும் வேலையோடு பிணைக்கப்பட்டன. வேலை போனால் வீடும் போகும். ஊரில் வாழ்பவன் குடிமகன் என்ற முறையில் பெறுவதைத் தோட்டத்தில் வாழ்பவன் தொழிலாளி என்ற முறையில் மட்டுமே பெற்றான். இவ்வேறுபாடே நம் ஆய்வின் மையமாகும்.

ஊராட்சித் தேர்தலும் தோட்டப்புறமும்

கூட்டு மலாய் மாநிலங்களில் நகரங்களை ஆள்வதற்குச் சுகாதார வாரியங்களும், 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நகர வாரியங்களும் இருந்தன. இவற்றின் உறுப்பினர் நியமனம் பெற்றவர்கள். 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சித் தேர்தலுக்கு வழிவகுத்தது. 1951 இறுதியில் ஜார்ஜ்டவுனில் முதல் தேர்தல் நடைபெற்றது. 1952ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் இவ்வுரிமையைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றது.

அவசரகாலத்தில் உருவாக்கப்பட்ட புதுக்கிராமங்களே இச்சட்டத்தால் பெரிதும் பயனடைந்தன. வேலிக்குள் குடியமர்த்தப்பட்ட மக்களின் நம்பிக்கையைப் பெறுவது அன்றைய அரசின் நோக்கமாக இருந்தது. கேமரன் மலையிலும் ரிங்லெட் போன்ற இடங்களில் புதுக்கிராமங்கள் எழுந்தன. தோட்டங்களோ தனியார் நிலமாகவே நீடித்தன. மலேயாவில் கிராம மக்கள் தங்கள் வடிகாலையும் சந்தையையும் பற்றி முடிவெடுக்கும் மன்றங்களுக்கு வாக்களித்துப் பழகிய அக்காலத்தில், தோட்டத் தமிழர்க்கு அப்பயிற்சி பெரும்பாலும் கிட்டவில்லை. 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்கும் வேலை நிபந்தனைக்கும் குரல் கொடுத்தது. எனினும் தொழிற்சங்கம் ஊராட்சி மன்றத்திற்கு மாற்றாக முடியாது.

ஆதி நாகப்பன் ஆணையம்

இந்தோனேசிய எதிர்ப்பு நடவடிக்கையின்போது, 1965 மார்ச்சில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. மேற்கு மலேசியாவில் அப்போது முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் சிதறிக் கிடந்தன. அவற்றுள் பல நிதிவலிமையற்றவை. 1968இல் தன் பணியை முடித்த ஆணையம், இவற்றை ஒருங்கிணைக்கவும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களைத் தொடரவும் பரிந்துரைத்தது.

அரசு முதற்பகுதியின் நோக்கை ஏற்றது; இரண்டாவதை ஏற்கவில்லை. 1973ஆம் ஆண்டின் இடைக்காலச் சட்டமும் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் சிறு மன்றங்களைக் கலைத்து நகராண்மைக் கழகங்களையும் மாவட்ட மன்றங்களையும் உருவாக்கின. உறுப்பினரை மாநில அரசே நியமிக்கும் முறை நிலைபெற்றது. ஒரு தமிழர் தலைமையேற்று வகுத்த சீர்திருத்தத்தின் மக்களாட்சிப் பகுதி நிறைவேறாது போனமை, ஊராட்சி வாக்குரிமையை முழுமையாக நுகராத தோட்டத் தமிழர்க்கு இரட்டை இழப்பாகும்.

பிற்கால நிலை

கேமரன் மலை பின்னாளில் தனி மாவட்டமாகி, உலு தெலோம், தானா ராத்தா, ரிங்லெட் என்னும் மூன்று முக்கிம்களைக் கொண்டு தன் மாவட்ட மன்றத்தையும் பெற்றது. தோட்டக் குடியிருப்புகளைப் பொறுத்தவரை, 1966ஆம் ஆண்டின் சட்டத்திற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டமும் முதலாளியின் பொறுப்பையே வலியுறுத்தியது. பழைய பிளவு பெயர் மாறித் தொடர்ந்தது.

2004இல் கேமரன் மலை தனி நாடாளுமன்றத் தொகுதியாயிற்று. அவ்வாண்டில் எஸ். கே. தேவமணி வெற்றி பெற்றார். 2019 சனவரி இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடியினர் ஆனார். நாட்டின் உயர்மன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் மலைவாழ் மக்கள், தங்கள் வாசலில் ஓடும் வடிகாலைக் கவனிக்கும் மன்றத்திற்கு வாக்களிக்க இயலாதிருப்பது எண்ணத்தக்கது.

முடிவுரை

தோட்டத் தமிழரின் பின்தங்கிய நிலைக்கு வறுமையும் கல்விக் குறைவும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆட்சி அமைப்பில் அவர்கள் நிறுத்தப்பட்ட இடமும் ஒரு காரணம் என்பதை மேற்கண்ட வரலாறு உணர்த்துகின்றது. இத்துறையில் செய்யவேண்டிய பணி மிகுதி. தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், கோயில் நிருவாகக் குறிப்புகள், முதியோரின் வாய்மொழிச் சான்றுகள் ஆகியவை முதன்மை ஆதாரங்களாகும். தோட்டங்களை விட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவரும் இக்காலத்தில் அவை அழியும் நிலையில் உள்ளன. மலையிலுள்ள தமிழாசிரியர்கள் தத்தம் பள்ளியிலிருந்தே இத்தொகுப்புப் பணியைத் தொடங்குவார்களாயின், இதுவரை முதலாளியின் கணக்கேட்டில் மட்டும் இடம்பெற்ற ஒரு சமூகம் ஊர் வரலாற்றிலும் இடம்பெறும்.