மண்வெட்டிகூட இல்லாத காண்ட்ராக்டர்

கட்டுமானத் தொழிலில் போட்டியை ஜெயிக்க என்ன வேண்டும்? நிறைய இயந்திரங்கள், குறைந்த ரேட் என்போம். 1929-ல் நியூயார்க்கில் நடந்த கதை வேறு.

எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு காண்ட்ராக்டர் தேடிய நேரம். மற்ற நிறுவனங்கள் தங்களிடம் இருந்த தளவாடங்களைச் சொல்லிப் பெருமைப்பட்டனவாம். ஸ்டாரட் பிரதர்ஸ் அண்ட் ஈக்கன் நிறுவனத்தின் பால் ஸ்டாரட்டோ, தங்களிடம் கடப்பாரை, மண்வெட்டிகூட இல்லை என்றார். இவ்வளவு பெரிய வேலைக்கு வழக்கமான சாமான்கள் உதவாது. வேண்டியதை வாங்கி, முடிந்ததும் விற்று, வந்த பணத்தை உரிமையாளர் கணக்கில் வரவு வைப்போம் என்பது அவர் விளக்கம். வேலை அவருக்கே கிடைத்தது!

அப்படியென்றால் அவரிடம் இருந்தது என்ன? திட்டமிடல். எந்த லாரி எப்போது வரவேண்டும், எந்த இரும்புத் தூண் எந்த மாடிக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். நெரிசலான நகரத்தில் பொருளைக் குவித்துவைக்க இடம் ஏது? செங்கற்களை லாரியிலிருந்து அடித்தளத்துத் தொட்டியில் கொட்டினார்கள். அங்கிருந்து சிறு வண்டிகளில் ஏற்றி, லிஃப்டில் தூக்கி, ஒவ்வொரு மாடியிலும் போட்ட குட்டித் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி நேரம் வீணாகாமல் இருக்க, மேல் மாடிகளிலேயே உணவகங்கள்.

விளைவு? 1930 மார்ச் 17-ல் தொடங்கி, 1931 மே 1-ல் திறப்பு விழா. 102 மாடிகள், 410 நாட்கள். இரும்புச் சட்டகம் மட்டும் வாரத்துக்குச் சராசரியாக நாலரை மாடி உயர்ந்தது! அன்றைய நியூயார்க்கில் மே 1 வாடகை ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் நாளாக இருந்தது. அதைத் தவறவிட்டால் ஒரு வருட வாடகை போகும். ஆக, ஸ்டாரட் விற்றது கட்டடத்தை அல்ல, காலத்தை.

இதற்கு இரண்டு மறுபக்கங்கள் உண்டு. அதிகாரபூர்வக் கணக்கின்படியே 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தால் கட்டடத்துக்கு ஆள் வரவில்லை. 'எம்ப்டி ஸ்டேட்', அதாவது காலிக் கட்டடம் என்று கேலி செய்தார்கள். லாபம் பார்க்க 1950 வாக்கில்தான் முடிந்தது.

கட்டியவரின் உத்தி ஜெயித்தது, கட்டச் சொன்னவரின் உத்தி தோற்றது. எப்படிக் கட்டுவது என்பதும் எதற்குக் கட்டுவது என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு எவ்வளவு நல்ல பதில் இருந்தாலும் அது இரண்டாவதற்குப் பதிலாகாது.