இணையமும் வலையும்: வகுப்பறையில் கற்பிக்கும் வரிசை

1. ஆய்வுப் பொருள்

இணையம் எப்படி இயங்குகிறது என்று மேல்நிலை வகுப்பு மாணவர்களைக் கேட்டால், பலர் கூகுளில் தொடங்கிக் கூகுளிலேயே முடித்துவிடுகிறார்கள். உலாவியில் விரியும் பக்கங்கள் வலை. அவற்றைச் சுமந்து வரும் கட்டமைப்பு இணையம். இந்த வேறுபாட்டைக் காட்டாமல் நெறிமுறைகளின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பது வீண் உழைப்பு. அடித்தளத்திலிருந்து மேலே செல்லும் வரிசையே சரியானது என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

2. வரலாறு தரும் சான்று

1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு இணையத்தின் முன்னோடி வலையமைப்பான ஆர்ப்பாநெட் வழியே முதல் செய்தி சென்றது. ‘லாகின்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் சேர்ந்ததும் இணைப்பு முறிந்தது. வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் வகுத்த டிசிபி/ஐபி நெறிமுறைக்கு அந்த வலையமைப்பு 1983 ஜனவரி 1இல் மாறியது. டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் வலைக்கான திட்டத்தை முன்வைத்ததோ 1989 மார்ச்சில்தான். வலை பிறக்கும் முன்பே மின்னஞ்சல் போய்வந்துகொண்டிருந்தது.

3. கற்பிக்கும் வரிசை

3.1 பாக்கெட்

3 எம்பி அளவுள்ள ஒரு புகைப்படம் முழுதாக அனுப்பப்படுவதில்லை. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1,500 பைட் கொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகளாகப் பிரிகிறது. இதை வகுப்பில் தாள் துண்டுகளால் செய்து காட்டலாம். துண்டுகளுக்கு எண்ணிட்டு வெவ்வேறு வரிசைகள் வழியே கடைசி இருக்கைக்கு அனுப்பி, நடுவில் இரண்டை ஆசிரியர் எடுத்துவிட வேண்டும். பெறுபவர் விடுபட்ட எண்ணைக் கண்டறிந்து மீண்டும் கேட்கும்போது, டிசிபி எதற்கு என்பது விளங்கிவிடும்.

3.2 கடலடிக் கம்பிவடம்

கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் தகவல் செயற்கைக்கோள் வழியே போகிறது என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. உண்மையில் பெரும்பகுதி கடலடிக் கண்ணாடி இழைகளில்தான் பயணிக்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் இயங்கத் தொடங்கிய கம்பிவடத்தின் நீளம் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கி.மீ. செல்லும். ஆகவே போய்வரக் குறைந்தது 32 மில்லிநொடி ஆகும். ஒளிவிலகல் எண் படித்த மாணவர் இக்கணக்கைத் தாமே போடுவார். பிறகு சிங்கப்பூரில் உள்ள ஒரு சேவையகத்துக்கு, போய்வரும் நேரத்தை அளக்கும் ‘பிங்’ கட்டளை கொடுத்துப் பார்க்கட்டும். விடை மிக அதிகமாக வந்தால் இன்னும் நல்லது: பாக்கெட் எந்த ஊர் சுற்றிப் போனது என்று ‘ட்ரேஸ்ரூட்’ கட்டளையால் தேடலாம். இயற்பியலும் கணினியும் ஒரே பாடமாகும் இந்த இடத்துக்கு இரண்டு பாடவேளைகள் ஒதுக்கினாலும் தகும்.

3.3 பெயரும் பக்கமும்

தளப்பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ். அந்த எண்ணுக்கு உலாவி ஒரு வேண்டுகோள் அனுப்புகிறது. சேவையகம் பக்கத்தைத் தருகிறது, இல்லையேல் 404 (பக்கம் இல்லை) என்கிறது. சேவையகம் தருவது என்ன என்பது விளங்க, பக்கத்தின் மூலநிரலைத் திறந்து காட்டினால் போதும்.

4. முடிவு

மேற்கண்ட பாடங்களுக்குத் தேவையானவை தாள், இணைப்புள்ள ஒரு கணினி, பொறுமையுள்ள ஆசிரியர். நெறிமுறைகளின் விரிவாக்கத்தைக் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாக்களைக் குறைத்து, ஒரு பாக்கெட்டின் பயணத்தை விவரிக்கச் சொல்லும் வினாவைத் தேர்வில் சேர்க்க வேண்டும்.