ஒரு மாட்டுப் பண்ணையின் கதை

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிப் பரந்த புல்வெளி ஒன்று உண்டு. நீராவிப் படகுத் தலைவராக இருந்த ரிச்சர்டு கிங் என்பவர் 1853-ஆம் ஆண்டு அங்கே 15,500 ஏக்கர் நிலம் வாங்கினார். நிலம் கிடைத்தது, மாடு மேய்க்கத் தெரிந்த ஆள் வேண்டுமே! மெக்சிகோவில் வறட்சியால் வாடிய குருயாஸ் என்னும் சிற்றூரில் மாடுகளை விலைக்கு வாங்கியவர், ஊராரையும் குடும்பத்தோடு அழைத்து வந்துவிட்டார். 'கினேன்யோ' எனப் பெயர் பெற்ற அவர்களுடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழைத்தனர். பண்ணை அவர்களுக்கு வீடும் கூலியும் தந்தது. நிலம் கிங் குடும்பத்தின் பெயரிலேயே இருந்தது. கிங் பண்ணையின் வரலாற்றைப் படிப்போர் இதை மறந்துவிடக் கூடாது.

1885-இல் கிங் இறந்தபோது கடன் சுமார் 5 இலட்சம் டாலர். மனைவி ஹென்ரியட்டா உடைமையை ஏற்றார். வழக்கறிஞர் ராபர்ட் கிளேபர்க் நிர்வாகத்தைக் கவனித்தார். அடுத்த ஆண்டு அவரே மருமகனும் ஆனார். அவர் காலத்தில் கடும் வறட்சி வந்தது. 1899-இல் ஆழமாகத் துளையிட்டபோது, இறைக்காமலே நீர் பொங்கி எழுந்தது. இது மாயம் அன்று. நீர் புகாத இரண்டு அடுக்குகளுக்கிடையே மணற்படுகை சாய்ந்து கிடக்கிறது. மேட்டுப் பகுதியில் அதனுள் இறங்கும் மழைநீர், தாழ்ந்த பகுதியில் அழுத்தத்துடன் சிறைப்பட்டிருக்கிறது. நீர் நிரம்பிய ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தாழ்த்திப் பாருங்கள், விளங்கும்.

அடுத்த எதிரி உண்ணி. டெக்சாஸ் மாடுகள் சென்ற இடமெல்லாம் வடக்கத்தி மாடுகள் காய்ச்சலில் மடிந்தன. கன்றுப் பருவத்திலேயே நோய்க்கு ஆளாகித் தேறியதால் டெக்சாஸ் மாடுகளுக்கு ஒன்றும் நேரவில்லை. உண்ணியே நோயைப் பரப்புகிறது என்று தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் மெய்ப்பித்தனர். கொசுவைப் பற்றி ரொனால்டு ராஸ் கண்டறிந்ததற்கு நான்கு ஆண்டுகள் முன்பு! மாடுகளை மருந்து நீரில் முக்கியெடுக்கும் தொட்டியை முதலில் அமைத்த பண்ணைகளுள் இதுவும் ஒன்று.

வெப்பம் மட்டும் எஞ்சியது. இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன் மாடு இறைச்சிக்குச் சிறந்தது. டெக்சாஸ் வெயிலில் துவண்டுவிடும். திமிலும் தொங்கு தோலும் உடைய பிராமன் மாட்டுக்கோ குட்டை மயிர். வியர்வைச் சுரப்பிகளும் மிகுதி. ஆகவே வெயிலைத் தாங்கும். கிங்கின் பேரர் இளைய ராபர்ட் கிளேபர்க் இரண்டையும் கலந்தார். 1920-இல் பிறந்த 'மங்கி' என்ற செந்நிறக் காளையின் வழியே 'சாண்டா கெர்ட்ரூடிஸ்' இனம் உருவாயிற்று. அமெரிக்க அரசு 1940-இல் அதைத் தனி இனமாக ஏற்றது. அதன் இரத்தத்தில் எட்டில் மூன்று பங்கு பிராமன். அந்தப் பிராமனின் முன்னோர் இந்திய மாடுகள். அவற்றுள் வெளிநாட்டார் 'நெல்லூர்' என்றழைக்கும் நம் ஓங்கோல் மாடும் ஒன்று.