குண்டு வைக்கச் சொன்னவரே நடித்த படம்

1957 அக்டோபர் 8. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜியர்ஸ் நகரத்தின் பழைய குடியிருப்பான காஸ்பாவில், ஒரு வீட்டுச் சுவருக்குப் பின்னால் நான்கு பேர் ஒளிந்திருந்தார்கள். அல்ஜீரிய விடுதலைப் போராளி அலி லா புவாந்த் அவர்களில் ஒருவர். உமர் என்ற சிறுவன் இன்னொருவன். சரணடைய மறுத்தவர்களை வீட்டோடு சேர்த்துத் தகர்த்தது பிரெஞ்சு பாராசூட் படை.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே காஸ்பாவின் சந்துகளுக்குள் கேமராவோடு நுழைந்தார் இத்தாலிய இயக்குநர் ஜில்லோ பொன்டெகோர்வோ. 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' உருவானது அப்படித்தான். அமெரிக்காவில் திரையிட்டபோது, இதில் ஒரு அடி செய்திப்படம்கூடச் சேர்க்கப்படவில்லை என்று எழுத்துப் போட வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளையில், புள்ளி புள்ளியாகத் தெரியும் படச்சுருள். தூரத்திலிருந்து எட்டிப் பிடிக்கும் லென்ஸ். பார்த்தவர்கள் நிஜம் என்றே நம்பிவிட்டார்கள்.

ஆனால், இந்தப் படத்தின் உயிர் முகங்களில் இருக்கிறது. அலியாக நடித்த பிராஹிம் ஹக்கியாக் அதற்கு முன் நடித்ததே இல்லை. முக்கிய வேடங்களில் தொழில்முறை நடிகர் ஒருவர்தான்: பிரெஞ்சு கர்னலாக வரும் ழான் மார்த்தன். அல்ஜீரியப் போரை எதிர்த்த அறிக்கையில் கையெழுத்திட்டு நாடக வாய்ப்பை இழந்தவர் அவர். அவரைக் கொண்டே அந்தக் கர்னலை அறிவும் கம்பீரமும் உள்ள மனிதராகக் காட்டினார் இயக்குநர்.

எல்லோரையும்விட முக்கியமானவர் ஸாதி யாசெஃப். போராளிகளின் நகரப் படைத் தலைவராக இருந்து, பிடிபட்டு, மரண தண்டனை பெற்று உயிர் தப்பியவர். சிறையில் அவர் எழுதிய நினைவுகள்தான் படத்துக்கு அடிப்படை. தயாரிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. தன்னையே ஒத்த ஜாஃபர் என்ற வேடத்தில் அவரே நடித்தார். தகர்ந்த வீட்டில் மாண்ட உமர் அவருடைய உறவுப் பிள்ளை.

மூன்று பெண்கள் கண்ணாடி முன் நிற்கும் காட்சியைச் சொல்ல வேண்டும். முக்காட்டை நீக்கி, கூந்தலை வெட்டி, ஐரோப்பியப் பெண்களாக மாறுகிறார்கள். பேச்சே இல்லை, முரசொலி மட்டும். கூடைகளில் குண்டுகளோடு சோதனைச் சாவடியைக் கடக்கிறார்கள். ஒருத்தி சிற்றுண்டிச் சாலைக்குள் நுழைந்ததும் கேமரா அங்கிருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறது. ஐஸ்கிரீமைச் சுவைக்கும் ஒரு குழந்தையும் அதில் உண்டு. பிறகு குண்டு வெடிக்கிறது.

1956 செப்டம்பரில் நிஜமாகவே அந்தக் குண்டுகளை அனுப்பியவர் யாசெஃப். அந்தக் குழந்தையின் முகத்தைத் தன் படத்திலிருந்து அவர் நீக்கச் சொல்லவில்லை. அல்ஜீரியர்களின் சாவுக்கு ஒலித்த அதே சோக இசை, இங்கே ஐரோப்பியர்களின் சாவுக்கும் ஒலிக்கிறது. போர்ப் படங்களில் இத்தனை நேர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1966இல் வெனிஸ் திரைப்பட விழாவில் இதற்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. பிரான்ஸ் மக்களோ இந்தப் படத்தைத் திரையில் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.