முத்திரை குத்துதல்

ஒருவரின் சாதி, மதம், ஊர், பாலினம், தொழில் ஆகியவற்றை வைத்து, பழகிப் பார்க்கும் முன்பே அவர் இப்படித்தான் என்று முடிவு கட்டுவது முத்திரை குத்துதல். அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் 1922இல் வெளியிட்ட ‘பப்ளிக் ஒப்பீனியன்’ நூலுக்குப் பின் இது சமூக உளவியலின் முக்கியப் பொருளாயிற்று.

இத்தகைய எண்ணங்கள் அத்தனையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. குழுக்களைப் பற்றி மக்கள் வைத்திருக்கும் மதிப்பீடுகளில் பல, கணக்கெடுப்புகளோடு ஓரளவு ஒத்துப்போகின்றன என்கிறார் உளவியலாளர் லீ ஜஸ்ஸிம். ஆளைப் பற்றிய நேரடித் தகவல் கிடைத்தால் பலர் அதற்கே முதலிடம் தருகிறார்கள் என்பதும் அவர் வாதம். ஆனால், முத்திரை விழுந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டால் அந்தத் தகவல் எங்கிருந்து வரும்?

சமூகவியலாளர் ரிச்சர்ட் லாப்பியர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்காவில் பயணம் செய்தார். அவர்கள் நுழைந்த 251 தங்குமிடங்களிலும் உணவகங்களிலும் ஒன்றே ஒன்றுதான் இடமில்லை என்றது. பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் போட்டுக் கேட்டபோது, பதில் தந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் சீனரை ஏற்க மாட்டோம் என்றனர். வெள்ளையரான லாப்பியர் உடன் இருந்ததும் காரணமாகலாம் என்ற விமர்சனம் உண்டு. அதை ஏற்றாலும் நேரில் நடந்ததற்கும் கடிதத்தில் சொன்னதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

அரசே முத்திரை குத்தும்போது விளைவு கொடியது. 1871இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இன் புதிய சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன் பட்டியலில் சேர்க்கப்பட்ட சமூகங்களில் பிறந்ததே குற்றத்துக்குச் சான்றானது. மதுரைப் பக்கத்தில் மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். பதிவு செய்யப்பட்ட ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். இரவில் வெளியூரில் தங்க வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் உறவினர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினாலே வழக்கு, தண்டனை. அந்தத் தண்டனையே ‘இவர்கள் குற்றவாளிகள்’ என்பதற்கு அடுத்த ஆதாரமாகிவிடும். எவ்வளவு நேர்மையாக உழுது பிழைத்தாலும் முத்திரையை அழிக்க வழியில்லாதபடி சட்டமே அடைத்திருந்தது. ரேகை வைக்க மறுத்த, மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் ஊர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீக்கப்பட்டது.

சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டேவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்காக, இந்திய நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. படிப்பும் அனுபவமும் தாளிலேயே இருந்தன. அப்படியிருந்தும் உயர்சாதி இந்துப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்தது. முஸ்லிம் பெயர்களுக்கு அதைவிடவும் குறைந்தது.